"மூணு மாசத்துலயே கஞ்சி குடுத்திருந்தா நின்னிருக்கும்ல?" பிள்ளை பால் கக்குறதப் பாத்து எங்க அத்தை கேட்ட கேள்வி இது.

எங்க வீட்டுக் கொடியில ஒரு நாளைக்கு 15, 20 துண்டு காயும். எதிர்வீட்டு சீன ஆன்ட்டி ஒரு நாள் கேட்டே புட்டாங்க, டோபி கடை ஏதும் ஆரம்பிச்சிருக்கீங்களான்னு. எல்லாம் எங்க தம்பி, அதான் என் ரெண்டாவது பிள்ளை, கக்குன துண்டுங்க. தோள்ல ஒண்ணு, மடியில ஒண்ணு, பாய்க்கு மேல ஒண்ணு, வீட்டுக்காரரு மோட்டார் சீட்டுக்கு அடியில கூட ஒண்ணு இருந்துச்சு, அது எதுக்குன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல.

நாங்க இருக்கிறது மலேசியாவுல, சுங்கை சிப்புட்ல, டவுன்லேருந்து கொஞ்சம் உள்ள தள்ளி. வீட்டுக்குப் பின்னாடி சாக்கடை, சாக்கடைக்கு அந்தாண்ட செம்பனை. வீட்டுக்காரரு குலை ஏத்துற லோரி ஓட்டுறாரு, நான் ஒரு தோட்டத்து ஆபீஸ்ல கிளார்க். மூத்தவ மகாத்மா காந்தி கலாசாலையில படிக்கிறா. அவ பொறந்தப்போ ஒரு தொந்தரவும் இல்ல, பால் குடிப்பா தூங்குவா, ஆறு மாசம் ஆனதும் சோறு தின்னா, அவ்ளோதான். அதனால ரெண்டாவது பிள்ளை ஜூன் மாசம் பொறந்தப்போ எனக்கு எல்லாம் தெரியும்னு ஒரு திமிரு இருந்துச்சு. மூணாவது வாரத்துலயே அந்தத் திமிர கழட்டி வச்சுட்டான்.

பால் குடிச்சு முடிச்சா கக்குவான். ஏப்பம் விட்டா கக்குவான். தூக்கினா கக்குவான், படுக்க வச்சாலும் கக்குவான். கிளினிக் டேசால, அதான் கிராமத்து கவர்மென்ட் கிளினிக்குல, மிஸ்ஸி (நர்சு) வெயிட் போட்டுப் பாத்துட்டு புக்குல புள்ளி வச்சுக் காட்டுனாங்க, கோடு மேல ஏறிட்டுத்தான் இருந்துச்சு. "முந்தா சூசு பியாசா, புவான்", பால் கக்குறது சாதாரணம்னு அனுப்பிட்டாங்க. அவங்க சொன்னது தப்பில்ல. சாப்பாட்டுக் குழாயும் இரப்பையும் சேர்ற எடத்துல ஒரு தசை வால்வு மாதிரி மூடணும், பிள்ளைங்களுக்கு அது இன்னும் சரியா இறுகியிருக்காது, குடிக்கிறதும் வெறும் தண்ணியா பால், நாள் முழுக்க படுத்தே கெடக்குறாங்க, அப்புறம் மேல வராம என்ன பண்ணும். பத்துக்கு நாலு பிள்ளையாவது கக்கும், ஒரு வயசுக்குள்ள பத்துல ஒம்பது பிள்ளைக்கு தானா நின்னு போகும். வெயிட் ஏறுது, சிரிக்கிறான், மூத்திரம் நல்லா போறான்னா அது துணி துவைக்கிற பிரச்சனை, ஆஸ்பத்திரி பிரச்சனை இல்ல.

ஆனா எங்க தம்பி சிரிக்கல. ஆறாவது வாரத்துலேருந்து பால் குடிக்கிறப்பவே முதுக வில்லு மாதிரி வளைச்சுட்டு கத்துவான், வாயிலேருந்து விட்டுருவான், திரும்ப பசிக்குதுன்னு தேடுவான், திரும்ப கத்துவான். கன்னமெல்லாம் செவந்து தோல் சொரசொரன்னு ஆயிடுச்சு. பத்தாவது வாரம் பம்பர்ஸ்ல பச்சையா சளி மாதிரி, அதுல ஒரு நூலளவு ரத்தம். அந்தப் பம்பர்ஸ பிளாஸ்டிக் பையில கட்டி எடுத்துட்டுத்தான் கிளினிக்குக்குப் போனேன். வெக்கப்பட வேணாம், நீங்களும் எடுத்துட்டுப் போங்க, இல்லாட்டி போட்டோவாவது எடுத்துக்கங்க, "கொஞ்சம் ரத்தம்"னு வாயால சொல்றதுக்கும் கண்ணால பாக்குறதுக்கும் வித்தியாசம் இருக்கு. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு லெட்டர் எழுதிக் குடுத்தாங்க, அப்பாயின்ட்மென்ட் சில வாரம் தள்ளித்தான் கெடச்சுச்சு.

அந்த சில வாரம் இருக்கே, அதுலதான் நான் எல்லாத் தப்பும் பண்ணேன்.

மொதல்ல டவுன்ல ஒரு பிரைவேட் கிளினிக், அங்க லக்டோஸ் ஒத்துக்கல, லக்டோஸ் இல்லாத பால் மாவு வாங்கி குடுன்னு சொன்னாங்க, வாங்குனேன், ஒண்ணும் மாறல. பின்னாடிதான் புரிஞ்சுச்சு, லக்டோஸ்ங்கறது பால்ல இருக்கிற சக்கரை, என் பிள்ளைக்கு ஆகாதது மாட்டுப் பால்ல இருக்கிற புரோட்டீன். சக்கரைய எடுத்துட்டாலும் புரோட்டீன் அந்த டின்லயேதான இருக்கு. ரெண்டும் ஒண்ணுன்னு நம்ம ஊர்ல பாதிப் பேரு நினைச்சுட்டு இருக்காங்க. அடுத்து அவரு அக்கா போன் பண்ணி ஆட்டுப் பால் குடுத்துப் பாருன்னாங்க. அதையும் குடுக்காதீங்க, மாட்டுப் பால் புரோட்டீன் ஆகாத பிள்ளைங்கள்ல முக்காவாசிக்கு மேல ஆட்டுப் பாலும் ஆகாது, ரெண்டு புரோட்டீனும் அண்ணன் தம்பி மாதிரி. அப்புறம் கோயில்ல ஒருத்தர், "உன் பாலே அவனுக்கு ஒத்துக்கல, நிறுத்திரு"ன்னாங்க. இதக் கேட்டு ராத்திரி பாத்ரூம்ல உக்காந்து அழுதேன். நான் பால நிறுத்தல, நல்ல வேளை.

இதுக்கெல்லாம் நடுவுல லீவு முடிஞ்சு போச்சு. 2023 ஜனவரிலேருந்து நம்ம நாட்டுல தனியார் வேலையில பிரசவ லீவு 98 நாளு, முன்னாடி 60 நாளு தான். கூடுனது நல்லதுதான், ஆனா 98 நாளுன்னா கணக்குப் போட்டா 14 வாரம். மிஸ்ஸி சொல்றது ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும். நடுவுல இருக்கிற அந்த மூணு மாசத்த யார் பாக்குறது? அத்தை தான் பாத்தாங்க. பால பம்ப் பண்ணி ஐஸ்பெட்டியில வச்சுட்டுப் போவேன், பத்தலன்னா பால் மாவு.

அத்தையப் பத்தி கொஞ்சம் சொல்லணும், இல்லாட்டி அவங்க வில்லி மாதிரி தெரிவாங்க, அவங்க அப்படி இல்ல. ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுனவங்க. பிள்ளை பெத்து ஒரு மாசத்துல, நாப்பது நாள்ல திரும்ப மரத்துக்குப் போகணும். விடியக்காலை இருட்டுல பிள்ளைய ஆயாக்கொட்டகையில விட்டுட்டுப் போயி, பால எடுத்து ஊத்திட்டு மத்தியானம்தான் திரும்பி வருவாங்க. அங்க ஆயா எட்டு, பத்து பிள்ளைய ஒத்தையில பாக்கணும். டின் பால தண்ணியில கரைச்சு போத்தல்ல ஊத்திக் குடுப்பாங்க, மூணாம் மாசம் சவ்வரிசிக் கஞ்சி, வயிறு நெறஞ்சா பிள்ளை தூங்கும், அவ்ளோதான் கணக்கு. இந்த டின் பால் சங்கதிய பத்தி 1939-லயே சிங்கப்பூர் ரோட்டரி கிளப்புல சிசிலி வில்லியம்ஸ்ங்கற டாக்டரம்மா, பிள்ளைங்களுக்கு இதக் குடுக்கறது கொலைன்னே பேசியிருக்காங்க. பேச்சு பேசி என்ன, தோட்டத்துல வேற என்ன வழி இருந்துச்சு? அத்தைக்கு கஞ்சிங்கறது அறிவில்லாத்தனம் இல்ல, பிள்ளைய உசுரோட வச்சுக்கிட்டு வேலைக்கும் போறதுக்கு அவங்க கண்டுபிடிச்ச ஒரே வழி. அத நான் ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சுக்கிட்டேன்.

அப்போ புரியல. 15-ஆவது வாரம் ஒரு நாள் வேலை முடிஞ்சு வர்றேன், தம்பி போத்தல்ல பால் கெட்டியா இருக்கு. "கொஞ்சூண்டு அரிசி மாவு கரைச்சேன்மா, பாரம் இருந்தா மேல வராதுல்ல, மூணு மாசத்துலயே கஞ்சி குடுத்திருந்தா எப்பவோ நின்னிருக்கும்ல?" நான் ஒண்ணும் பேசல. உண்மையச் சொன்னா எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு ஆசை, நின்னுட்டா நல்லாயிருக்குமேன்னு. ரெண்டு நாளு நானே கலந்து குடுத்தேன். மூணாம் நாள் ராத்திரி குடிக்கிறப்போ புரை ஏறி மூச்சு திணறி கண்ணு பிதுங்கிருச்சு, அவரு தலைகீழா தூக்கி முதுகுல தட்டுனாரு. அப்புறம் நாலு நாள் வெளிக்கிப் போகல. கக்குறது? அது பாட்டுக்கு கக்குனான், முன்னாடி தண்ணியா வந்தது இப்போ கூழா வந்துச்சு, துவைக்கிறதுதான் கஷ்டமாச்சு.

பால கெட்டியாக்குறது ஒரு வைத்தியமா இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா அதுக்குன்னு தனி பவுடரு, அளவு, டாக்டர் சொல்லிக் குடுக்கணும். நாமளா போத்தல்ல மாவ கரைச்சு ஊத்துறது வேற.

ஈப்போவுல ஸ்பெஷலிஸ்ட் ஒரு தமிழ் டாக்டர், பொறுமையா கேட்டாங்க. ரத்தம், சளி, தோல், கத்தல் எல்லாம் சேத்துப் பாத்தா மாட்டுப் பால் புரோட்டீன் அலர்ஜி மாதிரி இருக்கு, உடனே வீங்குற வகை இல்ல, மெதுவா குடலுக்குள்ள வேலை பாக்குற வகைன்னாங்க. இந்த வகைக்கு ரத்தத்துல டெஸ்ட் கெடையாது. ஒரே டெஸ்ட், நிறுத்திப் பாக்கணும், திரும்பக் குடுத்துப் பாக்கணும். நான் நாலு வாரம் பால் சம்பந்தப்பட்ட எதையும் தொடக்கூடாது, ஏன்னா நான் சாப்பிடுற மாட்டுப் பால் புரோட்டீன் கொஞ்சமா தாய்ப்பால்ல வருது. நான் வேலைக்குப் போற நேரத்துக்கு புரோட்டீன சின்னச் சின்னதா உடைச்ச ஸ்பெஷல் பால் மாவு. ஒரு டின் 100 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல, ஒரு வாரம் கூட வராது, கசப்பு, முட்டை அழுகுன நாத்தம். எனக்கு கால்சியம் மாத்திரையும் வைட்டமின் டியும் எழுதிக் குடுத்தாங்க.

நான் நேரா கேட்டேன், "டாக்டர், சோறு எப்ப ஆரம்பிக்கலாம், சீக்கிரம் ஆரம்பிச்சா கக்குறது நிக்குமா?" அவங்க சொன்னது இன்னும் காதுல இருக்கு. சோறு மருந்து இல்லம்மா, நாலு மாசம் முடியறதுக்கு முன்னாடி கூடவே கூடாது, ஆறு மாசத்துக்கு மேல தள்ளவும் வேணாம், நடுவுல எப்பன்னு பிள்ளை சொல்லுவான், ஆனா மொதல்ல பால் பிரச்சனைய முடிச்சுட்டு வா.

அந்தக் கடைசி வார்த்தைதான் எங்களுக்கு வழி காட்டுச்சு. ஏன்னா பாருங்க, பால நிறுத்துற அதே வாரத்துல கஞ்சியும் ஆரம்பிச்சிருந்தா, தம்பி நல்லானா எதால நல்லானான்? கெட்டுப் போனா எதால கெட்டான்? ரெண்டு கயித்த ஒண்ணா இழுத்தா எந்த மணி அடிச்சுச்சுன்னு எப்படித் தெரியும்.

சரி, பால நிறுத்துனேன். சொல்றது சுலபம். பசியாற மாமாக் கடைக்குப் போனா பால் ஊத்துன தே தாரிக் இல்ல, பால் இல்லாத தே ஓ தான். மைலோ இல்ல, அதுல பால் பவுடர் இருக்கு. ரொட்டி சானாய் மாவுல டின் பால் ஊத்துற கடை நெறைய இருக்கு. தயிர், மோர் போச்சு, நெய்யும் போச்சு, நெய்யில புரோட்டீன் கொஞ்சம் ஒட்டிட்டு இருக்கும். ரொட்டி, பிஸ்கட், மார்ஜரின், சில சாசேஜ் கூட. பாக்கெட்டுல "சூசு"ன்னு மட்டும் தேடாதீங்க, "பெபெஜால் சூசு", "தெனுசு", "வே", "கேசின்", இதெல்லாமும் பால்தான். சந்தான், அதான் தேங்காப் பால், அது தாராளமா சாப்பிடலாம், பேருதான் பால். எங்க ஆபீஸ்ல ஒருத்தங்க நான் தேங்காப் பால் ஊத்துன கறிய தின்றதப் பாத்துட்டு "நீ பால் சாப்பிடக் கூடாதுல்ல"ன்னு பயந்துட்டாங்க.

முதல் வாரம் ஒண்ணும் தெரியல. பத்து நாளுக்கு மேல சளி கொறஞ்சுச்சு. மூணாவது வாரம் ஒரு நாள் பால் குடிச்சிட்டு இருக்கிறப்போ நடுவுல வாய எடுத்துட்டு என்னைப் பாத்து சிரிச்சான். கக்குனான், சிரிச்சுட்டே கக்குனான். அன்னிக்குத்தான் புரிஞ்சுச்சு, கக்குறது ஒரு பிரச்சனை, வலி இன்னொரு பிரச்சனை, நான் ரெண்டையும் ஒண்ணா கட்டி வச்சிருந்தேன்.

நாலு வாரம் முடியறப்போ சரியா தீபாவளி. திரும்பக் குடுத்துப் பாக்கணும்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க, நிறையப் பேரு இத விட்டுருவாங்க, நல்லாயிட்டான்ல எதுக்கு நோண்டணும்னு. ஆனா நோண்டலன்னா, அவன் தானா நல்லானானா பால நிறுத்துனதால நல்லானானான்னு தெரியாமயே வருஷக்கணக்கா அம்மாவும் பிள்ளையும் பத்தியம் இருக்கணும். தீபாவளி அன்னிக்கு பால்கோவா தின்னேன், ரெண்டு கிளாஸ் தே தாரிக் குடிச்சேன், அடுத்த நாளும். சொர்க்கம்ங்க. மூணாம் நாள் காலையில பச்சை சளி, முதுகு வில்லு, கத்தல், எல்லாம் வந்து நின்னுச்சு. பாவமா இருந்துச்சு, ஆனா விடை கெடச்சிருச்சு. (உடனே வீங்குற, தடிக்குற, மூச்சு வாங்குற வகை அலர்ஜின்னா இத வீட்டுல பண்ணவே கூடாது, அது ஆஸ்பத்திரியில வச்சு பண்றது.)

அப்போ அவனுக்கு நாலரை மாசம். டாக்டர் சொன்ன கணக்குப்படி சோறு ஆரம்பிக்கலாம். அத்தை தெனமும் தட்டப் பாப்பாங்க, என்னைப் பாப்பாங்க. அவன் கைய முட்டி வரைக்கும் வாய்க்குள்ள விட்டு சூப்புறான், ராத்திரி திரும்பவும் மூணு தடவ எழுந்திரிக்கிறான், நாங்க சாப்பிடுறப்போ வாயையே பாக்குறான், "பாரு, பிள்ளை ஏங்குது"ன்னாங்க. இது மூணும் அடையாளமே இல்ல. அந்த வயசுல எல்லாப் பிள்ளையும் கை சூப்பும், எல்லாப் பிள்ளையும் ராத்திரி எழுந்திரிக்கும், வாயப் பாக்குறது நம்ம பேசுறதப் பாக்குறது. நிஜ அடையாளம் மூணு. கழுத்து நின்னு, கொஞ்சம் புடிச்சுக்கிட்டா உக்காரணும். பொருளப் பாத்து, கையால எடுத்து, தானே வாய்க்குக் கொண்டு போகணும். வாயில வச்சத நாக்கால வெளிய தள்ளாம உள்ள இழுக்கணும். மூணும் சேந்து இருக்கணும், ஒண்ணு ரெண்டு பத்தாது.

கக்குற பிள்ளைக்கு அந்த உக்காருறது இன்னும் முக்கியம்னு நான் சொல்வேன். தலை ஆடிட்டு, இடுப்பு மடிஞ்சு வயிறு நசுங்கி உக்காந்திருக்கிற பிள்ளைக்கு சோறு ஊட்டுனா அது வந்த வழியே திரும்பி வரும். ஒரு நாள் காலி கரண்டிய வாயில வச்சுப் பாத்தேன், நாக்கு அத தள்ளி வெளிய விட்டுச்சு. சரி, நாள் ஆகல. ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப, இன்னும் தள்ளுனான். இதுக்கு நடுவுல ஜலதோஷம் வந்து ஒரு வாரம் போச்சு, அப்புறம் அஞ்சாம் மாச ஊசி, காய்ச்சல். அந்த நாள்ல எல்லாம் ஆரம்பிக்கல, ஏன்னா வயிறு எதால கெட்டுச்சுன்னு சொல்ல முடியாது. வீட்டுல கல்யாணம், ஊருக்குப் போறது, பிள்ளை பாக்குற ஆள மாத்துறது, இந்த மாதிரி வாரமும் வேணாம். அஞ்சே முக்கால் மாசத்துல ஒரு சனிக்கிழமை, கரண்டிய நீட்டுனேன், கைய நீட்டி அதப் புடுங்கி வாயில வச்சு சப்புனான். தள்ளல.

அதோட ஆறு மாசத்தத் தாண்டி இழுத்தடிக்கிறதும் தப்பு. ஒத்துக்காதுன்னு பயந்து எட்டு மாசம், ஒம்பது மாசம் வெறும் பால்லயே வச்சிருந்த ஒரு அம்மாவ வார்டுல பாத்தேன். பொறக்கறப்போ பிள்ளை சேத்து வச்சுட்டு வர்ற இரும்புச்சத்து ஆறு மாசத்துல தீர ஆரம்பிச்சிரும், தாய்ப்பால்ல அதுக்கு மேல பத்தாது.

முதல் சாப்பாடு பரங்கிக்காய். அரிசி இல்ல, ஏன்னா அந்த நாலு நாள் மலச்சிக்கல் எனக்கு மறக்கல. அவிச்சு மசிச்சு என் பால்லயே கலந்து ஒரு டீஸ்பூன், காலையில பத்து மணிக்கு. காலையில ஏன்னா, ஏதாச்சும் ஆனா பகல்ல தெரியும், கிளினிக் தொறந்திருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு புதுசா ஒண்ண ஊட்டிட்டு விடிய விடிய முழிச்சு உக்காராதீங்க. ஒவ்வொண்ணும் மூணு நாளு. இந்த மெதுவான வகை அலர்ஜி ரெண்டு மணி நேரத்துலயும் காட்டும், ரெண்டு மூணு நாள் கழிச்சும் காட்டும், அதான் மூணு நாள் கணக்கு. மூத்தவளோட பழைய எக்சசைஸ் புக்கு ஒண்ண எடுத்து நாலு கோடு போட்டேன், என்ன தின்னான், எத்தன மணி, எப்படி வெளிக்கிப் போனான், தூக்கம். கக்குறத எழுதல. அது எப்பவும் கக்குறதுதான், அத எழுதுனா மத்தது தெரியாது. டயட்டிசியன் அந்தப் புக்கப் பாத்துட்டு, பேசுறத பாதியா கொறச்சுட்டாங்க, எல்லாம் அதுலயே இருந்துச்சு.

பரங்கிக்காய், உருளைக்கிழங்கு, பேரிக்காய், அப்புறம் அரிசிக் கஞ்சி, அதுவும் பயந்துட்டேதான். அரிசி கூட சில பிள்ளைங்களுக்கு ஆகாது, தின்ன ஒரு மணி நாலு மணி நேரத்துக்குள்ள திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து வெளிறிப் போயி துவண்டு போவாங்க, அப்படி ஆனா யோசிக்காம ஆஸ்பத்திரி. எங்களுக்கு ஆகல. ரெண்டாவது வாரத்துலயே கோழியும் பருப்பும் உள்ள கொண்டு வந்துட்டேன் இரும்புக்காக, முருங்கைக்கீரை அப்புறம். நெத்திலி உப்ப ஊற வச்சு கழுவிட்டுத்தான், ஒரு வயசு வரைக்கும் தனியா உப்பு போடல.

கக்குற விசயத்துல நானே கண்டுபிடிச்சது சிலது. தண்ணியா அரைச்சா சீக்கிரம் மேல வரும், கொஞ்சம் கெட்டியா மசிச்சா தங்கும். ரெண்டு தடவ நெறைய குடுக்குறதுக்கு நாலு தடவ கொஞ்சமா. தின்னதும் அரை மணி நேரம் நிமித்தி வச்சுக்கணும், காரு சீட்டுல மடங்கி உக்கார வைக்காதீங்க, பம்பர்ஸ வயித்துல இறுக்கி ஒட்டாதீங்க. புளி, தக்காளி, ஆரஞ்சு, தம்புன்லேருந்து வந்த லிமாவ் பாலி (பம்பளிமாஸ்), இதெல்லாம் அவனுக்கு எரிச்சுச்சு, வாயச் சுத்தி செவந்துரும், அது அலர்ஜி இல்ல, புளிப்பு. பரங்கிக்காயும் கேரட்டும் கக்குனா துண்டுல கறை போகாது, வெள்ளத் துண்ட எல்லாம் எடுத்து வச்சுருங்க. அப்புறம் புவாயான், அதான் தூளி. தின்னதும் தூளியில போட்டு ஆட்டுறதும், தலைகாணி வச்சு சாய்ச்சுப் படுக்க வைக்கிறதும் எங்க வீட்டுல இருந்துச்சு, டாக்டர் ரெண்டையும் நிறுத்தச் சொன்னாங்க, தூங்குறப்போ சமமான மெத்தையில மல்லாக்கத்தான், கக்குற பிள்ளைக்கும் அப்படித்தான். அத்தை இத மட்டும் இன்னும் ஒத்துக்கல.

ஏழரை மாசத்துல தவுவு, அதான் சோயாவுல செய்யுற டோஃபு, குடுத்தேன். பாசார்ல ஒரு வெள்ளிக்கு வாங்குறது, மெத்துமெத்துன்னு இருக்கு, நல்லாத் தின்னான். அடுத்த நாள் சளி, கன்னம் செவப்பு. மாட்டுப் பால் ஆகாத பிள்ளைங்கள்ல கொஞ்சப் பேருக்கு சோயாவும் ஆகாது. நிறுத்துனேன், ரெண்டு மூணு நாள்ல சரியாச்சு. புக்கு இல்லாட்டி அன்னிக்கு குடுத்த கோழியத்தான் திட்டியிருப்பேன்.

முட்டையும் நிலக்கடலையும் தான் ரொம்ப பயம். தள்ளிப் போட்டா பத்திரம்னு நினைச்சேன். டாக்டர் நேர்மாறா சொன்னாங்க. 2015-ல வெளிவந்த ஒரு லண்டன் ஆராய்ச்சியில, கடுமையான எக்சிமாவோ (தோல் சொரசொரன்னு அரிக்கிறது) முட்டை அலர்ஜியோ இருக்கிற 600-க்கும் மேல பிள்ளைங்கள்ல பாதிப் பேருக்கு சின்னதுலேருந்தே கடலை குடுத்து, மீதிப் பேருக்குக் குடுக்காம வச்சுப் பாத்தாங்களாம், தின்ன பிள்ளைங்களுக்கு அஞ்சு வயசுல கடலை அலர்ஜி ரொம்பவே கம்மி. ஆனா தம்பிக்குத் தோல் அப்படி இருந்ததால டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் ஆரம்பிச்சேன், முட்டைய கல்லு மாதிரி அவிச்சு ஒரு துளி, கடலைய பசையா அரைச்சு கஞ்சியில கரைச்சு. முழுக் கடலை கிட்ட வரக்கூடாது, அஞ்சு வயசு வரைக்கும். ரெண்டும் ஒத்துக்கிச்சு.

கோயில்ல சோறூட்டுறதுதான் பெரிய கூத்து. கல்லுமலையில வச்சு ஊட்டணும்னு அத்தை வேண்டியிருந்தாங்க, சக்கரைப் பொங்கல், நெய், பால், நாக்குல தேன். வீட்டுலயே உக்காந்து பேசுனோம். தேன் ஒரு வயசு வரைக்கும் யாருக்குமே கூடாது, அதுல இருக்கிற ஒரு கிருமி பிள்ளை குடல்ல வளந்து நரம்பையே செயலிழக்க வச்சிரும், இத மிஸ்ஸியே ஒரு தடவ அத்தைக்கிட்ட சொல்லியிருந்ததால தப்பிச்சேன். கடைசியில வீட்டுலேருந்து டப்பாவுல குழைஞ்ச சோறும் மசிச்ச பரங்கிக்காயும் கொண்டு போயி சாமி முன்னாடி வச்சு ஊட்டுனோம். அத்தை முதல் கரண்டிய ஊட்டுனாங்க. கக்கல. "பாத்தியா, நான் ஊட்டுனா தங்குது"ன்னாங்க. விட்டுட்டேன்.

பச்சையா வாந்தி, பீச்சியடிக்கிற வாந்தி, ரத்தம், மூத்திரமே போகாம கெடக்குறது, வெயிட் கோடு கீழ இறங்குறது, மூச்சு வாங்குறது, இதுல எதாச்சும் ஒண்ணுன்னா என் கதையப் படிச்சுட்டு உக்காந்திருக்காதீங்க. தின்ன உடனே உதடு முகம் வீங்கி மூச்சு திணறுச்சுன்னா 999.

எட்டு மாசத்துல தானா உக்காந்தான், துண்டு பாதியாச்சு. பதிமூணாவது மாசம் நடந்தான், துண்டு நின்னு போச்சு. எந்தக் கஞ்சியும் நிறுத்தல, அவன் நிமிந்து நின்னதுதான் நிறுத்துச்சு. பாலுக்கு இப்போ படிப்படியா ஏறிட்டு இருக்கோம், ஒரு வயசுக்கு மேல டயட்டிசியன் எழுதிக் குடுத்த படி, நல்லா வெந்த மாவுல இருக்கிற பால்தான் மொதல்ல, கால் துண்டு பிஸ்கட்லேருந்து ஆரம்பம். முழு பிஸ்கட் வரைக்கும் வந்தாச்சு, இப்போ மஃபின்ல இருக்கோம். போன வாரம் எட்டிப் பாத்தா அத்தை அடுப்படியில உக்காந்துட்டு தே ஓவுல பிஸ்கட்ட தொட்டுத் தின்றாங்க, அவன் பக்கத்துல நின்னு வாயத் தொறந்துட்டு இருக்கான், அத்தை என்னைப் பாத்ததும் கைய மடக்கிட்டு, "இன்னிக்கு எத்தனாவது படிம்மா, குடுக்கலாமா?"ன்னு கேக்குறாங்க. நான் போயி எக்சசைஸ் புக்க எடுத்துட்டு வந்தேன்.